வள்ளத்துக்கு மடி தெரியாது

கழிமுனையில் இருப்பது தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர். போன வருஷம் கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரத்தில் அந்தத் தொள்ளாயிரம் பேரும் ஏற்றிய மெழுகுவர்த்திகள் நாலு லட்சத்துப் பதினேழாயிரம். மெழுகு ஒரு சொட்டுச் செலவாகவில்லை. எல்லாம் இணையதளத்தில்.

தீவுத் திருநாள் நினைவு அறக்கட்டளையின் பழைய தளம் அப்படி. வள்ளம் கவிழ்ந்து செத்துப்போன நாற்பத்து நான்கு பேரின் பெயரும் வரிசையாக இருக்கும். ஒரு பெயரைத் தொட்டால் அதன் கீழே மெழுகுவர்த்தி ஒன்று எரியும். எண்ணிக்கையில் ஒன்று கூடும். தன் அண்ணனைவிட அடுத்த வீட்டுக்காரியின் மாமனாருக்கு மூன்று கூடுதலாக எரிவதை யாரோ ஒருத்தி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். வலை பின்னியபடி, கோழிக்குத் தீனி போட்டபடி, பூசையில் முழங்காலிட்டபடி ஊரே தொட்டது. ஒரு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் விரலைப் பிடித்தும் தொட வைத்தார்கள். குழந்தை மறுத்ததாகத் தகவல் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தளம் படுத்தது, எழுந்திருக்கவேயில்லை.

"துக்கத்துல போட்டி வரலாமா?" என்று கேட்டார் தலைவர் தொபியாஸ். அவருடைய தம்பிக்குத்தான் அதிகம் எரிந்திருந்தது. அறுபதாயிரம்.

புதுத் தளம் செய்து வாங்கும் வேலை செயலாளர் கஸ்பாரின் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடத்து எழுத்தராக முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். தலைகளை எண்ணுவதில் அவருக்குப் பழக்கம் உண்டு என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டு, சொன்னவர்களே பேச்சை மாற்றிவிடுவார்கள்.

திருநெல்வேலியிலிருந்து முத்தரசி வந்தாள். நாற்பது வயதிருக்கும். நினைவுத் தளங்கள் மட்டுமே கட்டித் தருகிற தொழில். பேச்சில் வளைவு சுளிவு கிடையாது. பங்குக் கூடத்தில் ஊரைக் கூட்டிவைத்து விளக்கினாள்.

"இனிமே விரலால தொட்டா எரியாது. போன்ல முன்பக்கம் கேமரா இருக்குல்லா, அது உங்களப் பாக்கும். உள்ள நெசமாவே துக்கம் இருந்தாத்தான் சுடர் வரும். எவ்வளவு இருக்கோ அவ்வளவு உயரம். எல்லாரோடதும் ஒண்ணாச் சேரும்."

"அழணுமோ?" என்றாள் ரஞ்சிதத்தம்மா. ஒப்பாரியில் ஏழு கடற்கரைக்குப் பேர்போனவள்.

"அழுது பாருங்களேன்."

ரஞ்சிதத்தம்மா தன் தம்பியின் பெயருக்கு முன்னால் உட்கார்ந்து பத்து நிமிஷம் அழுதாள். கூடத்துக்கு வெளியே போய்க்கொண்டிருந்த ஐஸ்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு, காரணம் தெரியாமல் அவனும் அழுதான். திரியில் ஒரு பொறிகூட வரவில்லை. அவள் சலித்துப்போய் மூக்கைச் சிந்தி, தண்ணீர் குடித்து, என்னமோ நினைத்துக்கொண்டவளாக ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தாள். சுடர் எழுந்தது.

"இது கண்ணீரப் பாக்குறதில்ல," என்றாள் முத்தரசி. "முதல்ல செஞ்சது கண்ணீரத்தான் பாத்துச்சு. ஒரு ஊர்ல வெங்காயமே கிடைக்காமப் போச்சு. இது தொண்டையப் பாக்குது. வெளிய வராம முழுங்குறீங்க பாத்தீங்களா, அத அளக்குது. அழுது கொட்டினது கொட்டினதுதான். கொட்டாம உள்ள கிடக்கிறதுக்குத்தான் இங்க சுடர்."

"எந்தப் பேருக்குன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" கஸ்பார் கேட்டார். எழுத்தர் புத்தி.

"கண்ணு சொல்லும் சார். நாப்பத்து நாலு பேரும் ஒரே பக்கத்துல இருக்கும். உங்க கண்ணு எந்தப் பேரப் பாக்காம ஒதுங்கிச் சுத்திப்போவுதோ, அந்தப் பேர்ல எரியும்."

கஸ்பார் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நோட்டை மூடினார்.

நாற்பத்து நாலாவது பெயர் இன்னாசி. வள்ளத்தை ஓட்டியவன். அந்தப் பெயர் பட்டியலில் இருப்பதே அப்போதைய பங்குச் சாமியாரின் பிடிவாதத்தால்தான். அறக்கட்டளைப் பத்திரத்திலேயே நாற்பத்து நான்கு பேரையும் எழுதிப் பதிவு செய்துவிட்டுத்தான் அவர் மாற்றலாகிப் போனார். ஊரால் அழிக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டது. கல்லறைத் திருநாளில் பெயர் வாசிக்கும்போது, ஒவ்வொரு பெயருக்கும் ஊர் சேர்ந்து, "இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே" என்று சொல்லும். நாற்பத்து மூன்று தடவை சொல்லும். நாற்பத்து நாலாவதற்குக் குனிந்து அவரவர் மெழுகுவர்த்தியின் திரியைச் சரிசெய்யும். முப்பத்து மூன்று வருஷமாக அந்த ஊரில் திரிகள் மிக நன்றாகச் சரிசெய்யப்பட்டு வருகின்றன.

குடித்துவிட்டு வள்ளம் ஓட்டி ஊரைக் கொன்றவன். இதுதான் இன்னாசியைப் பற்றி ஊர் சொல்வது.

நடந்தது வேறு. குருசுத்திட்டு என்கிற தீவில் மாதா கோயில் திருநாள். பாட்டுப் பூசைக்கு முன்னால் கடைசி நடை. வள்ளம் தொபியாஸுடையது, நாற்பது பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று அதில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. துறையில் நின்று தலை எண்ணியவர் கஸ்பார், அப்போது வயது இருபத்தேழு. நாற்பதுதான் எண்ணினார். சரியாக எண்ணினார். ஆனால் மடிப்பிள்ளை கணக்கில் இல்லை. பஸ்ஸில் இல்லை, டூரிங் டாக்கீஸில் இல்லை, சமபந்தி விருந்தில் இல்லை. வள்ளத்தில் மட்டும் எப்படி இருக்கும்? அடுத்த நடைக்குக் காத்திருந்தவர்களும், பிள்ளைகள் சப்பரமாவது பார்க்கட்டும் என்று, உட்கார்ந்திருந்தவர்களின் மடியில் தங்கள் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். ஒரு மடி காலியாக இல்லை. நாற்பது மடிப்பிள்ளைகள்.

இன்னாசி எஞ்சினை நிறுத்திவிட்டான். "தம்பி, வள்ளத்துக்கு மடி தெரியாது. எல்லாத்தையும் சேத்துத்தான் அது தூக்கணும். பாதிப் பேர எறக்கு," என்றான்.

கரையில் நின்ற ஊர் கூச்சல் போட்டது. "பூசை தொடங்கிரும், எடுலே வள்ளத்த," என்று கத்தியவர்களில் கஸ்பாரும் ஒருவர். கத்திவிட்டு, மடி ஒன்றும் மிச்சமில்லாததால், தன் நாலு வயசு மகள் பிலோமினாளை இன்னாசியின் காலடியில் உட்கார வைத்தார். "ஓட்டுறவன் மடியும் மடிதான்," என்றார். அதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.

கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வள்ளம் சாய்ந்தது. இன்னாசி ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து போட்டான். அப்புறம் இன்னொன்று. மூன்றாவதைப் போட்டுவிட்டுக் கரையில் கையூன்றி மூச்சு வாங்கினான். கஸ்பார் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "எம் பிள்ள!" என்றார். இன்னாசி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்ப நீரில் விழுந்தான். வரவில்லை.

விசாரணை வந்தபோது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டார்கள். நாற்பது என்றார் கஸ்பார். செத்தவர்களே நாற்பத்து நாலு என்பதை யாரும் எடுத்துக் கேட்கவில்லை. பிறகு எப்படிக் கவிழ்ந்தது என்றார்கள். அவனிடம் சாராய நெடி அடித்தது என்றார். அந்த நெடி மறுநாள் தொபியாஸுக்கும் அடித்தது. மூன்றாம் நாள் ஊர் முழுக்க அடித்தது. அன்றைக்குத் தூத்துக்குடியில் இருந்தவர்களுக்கும் அடித்தது. இன்னாசி கரை சேர்த்த மூன்று பிள்ளைகளில் ஒருவர் இன்று அறக்கட்டளை உறுப்பினர். அவரும் நெடி அடித்ததாகத்தான் சொல்வார். அப்போது அவருக்கு மூன்று வயது.

புதுத் தளம் அக்டோபர் இருபதாம் தேதி திறந்தது. அன்று சாயங்காலமே கஸ்பாரின் மனைவி அக்னேசு போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இங்க பாருங்க. பத்தொம்பதாவதா இருக்கா நம்ம பிள்ள. அவ சுடரப் பாருங்க. அரிசி மணி கணக்கா இருக்கு."

"உனக்குத்தான் சொன்னாளே அந்தம்மா. நீ தெனமும் அவளப் பத்திப் பேசி ஆத்திக்கிடுத. உள்ள எதுவும் தங்கல."

"நான் பேசுதேன், சரி. நீங்க ஒரு நாள் அவ பேர வாயில எடுத்திருக்கீகளா? உங்களுக்குள்ள இருக்கணும்லா? நீங்க பாருங்க, எரியுதான்னு பாப்போம்."

கஸ்பார் பார்த்தார். மகளின் பெயரைத்தான் பார்த்தார். கண்ணை அதிலேயே வைத்திருக்க முயன்றார். அரிசிமணி அரிசிமணியாகவே இருந்தது. பக்கத்தின் அடியில், கண் போகாத மூலையில், நாற்பத்து நாலாவது சுடர் பாம்பு தலை தூக்குவதுபோல் எழுந்து, மேலே இருந்த பெயர்களையெல்லாம் தாண்டிப் போனது.

அக்னேசு மகளின் சுடரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமே இல்லியா உங்களுக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போனவள், அன்று அவரோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

தளம் திறந்து இரண்டாம் நாள் தொபியாஸ் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"கஸ்பாரு, அந்தக் குடிகாரனுக்கு யாரு ஓய் ஏத்துதா? எந் தம்பிக்குக் கட்டைவிரல் உயரம்; அவனுக்குத் தென்ன உயரம். ஊர் மானம் போவுது."

"தெரியலியே அண்ணாச்சி."

"அவன் பொண்டாட்டி மதலேனாளாத்தான் இருக்கும். போய்ச் சொல்லும், இது பொது வெப்சைட்டுன்னு."

மதலேன் ஊர் ஓரத்தில் கருவாட்டுக் களத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். கஸ்பார் போனபோது நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னார். அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துக் காட்டினாள். பொத்தான் போன். ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"இதுல கேமரா எங்க இருக்கு தம்பி? ரேடியோ கேக்கத்தான் வச்சிருக்கேன். அதுவும் ஒரு ஸ்டேஷன்தான் வரும்."

"அப்ப சரி மயினி. சும்மா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"எங்கிட்ட முழுங்குறதுக்கு எதுவும் இல்ல. நான் அவருக்காக அழுதாச்சு, ஊர ஏசியாச்சு, மாதாவையும் ஏசியாச்சு. வருஷத்துக்கு ஒரு நாள் தேங்காச் சிரட்டையில ஒரு மெழுகுத்திரி. அதோட சரி." நெத்திலியை ஒரு புரட்டுப் புரட்டினாள். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மூணு பிள்ளயக் கொண்டாந்து போட்டாரு. நாலாவது யாரத் தேடிப் போனாருன்னு உனக்குத் தெரியுமா? நீ கரையிலதான நின்ன?"

கருவாட்டு நெடியை மீறி ஏதோ ஒன்று கஸ்பாரின் தொண்டையில் வந்து நின்றது. அதை உள்ளே தள்ளினார். முப்பத்து மூன்று வருஷப் பழக்கம், சத்தம்கூட வரவில்லை.

"கூட்டத்துல தெரியலியே மயினி."

"சரி," என்றாள் மதலேன்.

திரும்பி வந்து முத்தரசிக்குப் போன் செய்தார். தலைவர் கேட்கச் சொன்னதாகத்தான் ஆரம்பித்தார். யார் அதை ஏற்றுகிறார்கள்?

"பேர் நாங்க எடுத்து வைக்கிறதில்ல சார். எத்தனை போன்லேருந்துன்னு மட்டும் எண்ணிக்கை இருக்கு."

"ஒண்ணா, ரெண்டா?"

"இருநூத்துப் பதினொண்ணு."

கழிமுனையில் வீடுகள் இருநூற்றுப் பதினாலு. அதில் ஒன்று மதலேன் வீடு. இன்னும் இரண்டு பூட்டிக் கிடப்பவை. எழுத்தரின் தலை இந்தக் கணக்கைத் தானாகவே போட்டு முடித்தது.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன்மா. மிஷின்ல கோளாறு எதுவும்..."

"கோளாறு இல்ல சார். உங்க மகளும் அந்தப் பட்டியல்ல இருக்குன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. சுடர் சின்னதா இருக்குன்னு என்கிட்ட போன் பண்ணி அழுதாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தொண்டையில ஒண்ணுதான் சிக்கும். பெருசா ஒண்ணு அடைச்சுக்கிட்டு நின்னா, அதுக்குக் கீழ இருக்கிற சின்னப் பிள்ள மேல வர முடியாது."

"என்ன செய்யணும்?"

"அடைச்சு நிக்கிறத வெளிய சொல்லணும். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட. சொன்ன அன்னிக்கே அந்தச் சுடர் இறங்கிரும். அடுத்தது ஏறும். நான் பாத்திருக்கேன்."

கஸ்பார் பத்து நாள் யோசித்தார். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம்தான். ஆனால் சொல்லவேண்டிய ஆள் அவர் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கல்லறைத் திருநாளன்று பெயர் வாசிப்பதற்கு மைக் தன் கையில்தான் இருக்கும். நாற்பத்து நாலாவது பெயரைச் சொல்லிவிட்டு, ஊர் குனிந்து திரி சரிசெய்யும் அந்த நேரத்தில், ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். 'அவன் குடித்திருக்கவில்லை.' மூன்று வார்த்தைகூட முழுதாக இல்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். குழாய்ச் சத்தத்தில் அவருக்கே கேட்கவில்லை.

தொபியாஸ் பெயரை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை சொன்னார். பத்திரத்தில் இருப்பதை எடுக்க முடியாது என்று கஸ்பார் மூன்று தடவையும் சொன்னார். நாலாவது தடவை தொபியாஸ் கோபப்படவில்லை. "இருக்கட்டும் ஓய். எடுக்க வேண்டாம். எனக்கு ஒண்ணு தோணுது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் இரண்டு. சாயங்காலம் ஐந்தரை மணி. கல்லறைத் தோட்டத்து மதிலில் நாலு வேட்டியைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டியிருந்தார்கள். அதில் தளத்தைப் பெரிதாகப் போட்டுக் காட்டினாள் முத்தரசி. அவளருகில் குழாயடியை ஒட்டி மதலேன் நின்றாள். இன்னாசிக்கு இடம் கொடுத்தது அந்த மூலையில்தான். கையில் சிரட்டை, ஒரு மெழுகுவர்த்தி. ஊர் அவரவர் கல்லறையில் நின்றது. அவரவர் கையில் போனும் இருந்தது.

கஸ்பார் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஊர் பதில் சொன்னது. பத்தொன்பதாவதாக, "பிலோமினா" என்றபோது அக்னேசு தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தாள். அரிசிமணி. மறுபடி குனிந்துகொண்டாள்.

"நாற்பத்து நாலு. இன்னாசி."

ஊர் குனிந்தது. திரிகள் சரிசெய்யப்பட்டன. திரையில் அந்தச் சுடர் மேலே போயிற்று. முதல் வேட்டி, இரண்டாவது வேட்டி, மூன்றாவது. வெளிச்சம் வந்து கல்லறைகள் மேல் விழுந்து, குனிந்திருந்த ஒவ்வொருத்தர் முதுகிலும் அடித்தது. ஒருவரும் நிமிரவில்லை.

கஸ்பார் மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். "ஒரு விஷயம்," என்றார். அவருடைய குரல்தான், மதிலில் மோதித் திரும்பி வந்தது. அக்னேசு அவரைப் பார்த்தாள். மூலையில் மதலேனும் பார்த்தாள். "ஒரு விஷயம்... அன்னிக்கு அவன்..."

தொபியாஸ் முன்னால் வந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"நானே சொல்லுதேன். எல்லாரும் நிமிந்து திரையப் பாருங்க! இது என்னன்னு பத்து நாளா ஊருக்கே கொழப்பம். யாரு ஏத்துதா, யாரு ஏத்துதான்னு ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டீக. யாரும் ஏத்தல. முப்பத்து மூணு வருஷமா நரகத்துல எரியுதான் ஓய் அந்தப் பாவி! இன்னும் அடங்கல. நாம சொன்னா நம்பாம இருக்கலாம். மிஷினு பொய் சொல்லுமா?"

யாரோ, "ஆமென்," என்றார். ஊர் மொத்தமும் ஒரே மூச்சாகப் பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் தோட்டத்து மெழுகுவர்த்திகளில் பாதி அணைந்துபோயின. முப்பத்து மூன்று வருஷமாகக் குனிந்த தலைகள் நிமிர்ந்து, நாற்பத்து நாலாவது சுடரை நேருக்கு நேர் பார்த்தன. ரஞ்சிதத்தம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக் காட்டினான். எல்லோர் முகத்திலும் காய்ச்சல் விட்ட மாதிரி ஒரு தெளிவு.

மைக் மறுபடி கஸ்பார் கைக்கு வந்தது.

"நீரு என்னமோ சொல்ல வந்தீரே?" என்றார் தொபியாஸ்.

தொள்ளாயிரம் முகங்கள் அவரைப் பார்த்தன. அத்தனையும் தெரிந்த முகங்கள். அத்தனையும், சொல்லாதே என்று கேட்டுக்கொண்ட முகங்கள்.

"கடைசி செபம் சொல்லுவோம்," என்றார் கஸ்பார்.

செபம் முடிந்து ஊர் கலைந்தது. அக்னேசு அவரைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் போய்விட்டாள். முத்தரசி சாமான்களைக் கட்டவில்லை. ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மதலேன் வந்தாள்.

"தம்பி, இந்தப் பொண்ணு வேற மாதிரி சொல்லுது. அது துக்கத்துலதான் எரியும்னு சொல்லுது. நெசமா?"

"நெசந்தான் மயினி."

"எத்தன பேரு?"

கஸ்பாருக்கு எண்ணிக்கைகள் மட்டும் எப்போதும் தடையில்லாமல் வரும். "இருநூத்துப் பதினொரு வீடு," என்றார்.

அவள் திரையை நிமிர்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வெளிச்சம் அவள் கழுத்துச் சுருக்கத்தில் ஓடியது. பிறகு கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தாள்.

"அப்ப அவருக்கு இன்னிக்கு இது வேண்டாம். இது மிச்சம்."

நடந்து போய்ப் பிலோமினாளின் கல்லறையில் குனிந்தாள். அக்னேசு வைத்திருந்த மெழுகுவர்த்தி ஊரின் பெருமூச்சில் அணைந்து கிடந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சிரட்டையை வைத்து, அதற்குள் தன்னுடையதை நட்டு, பற்றவைத்தாள்.

"மயினி, அது எம்..."

"தெரியும். அவருக்கு வச்சா என்ன, இவளுக்கு வச்சா என்ன. கரையில எடுத்துப் போட்டப்ப ரெண்டு பேரும் ஒண்ணாத்தான கெடந்தாவ. அவரு சட்டைய இவ பிடிச்சிருந்தா. நாந்தான் விரல விரிச்சு எடுத்தேன்." எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினாள். "நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். களத்துல வச்சுக் கேட்டேன். இன்னிக்கும் பாத்தேன்."

அவள் போய்விட்டாள். கஸ்பார் நின்ற இடத்திலேயே நின்றார். தொண்டையில் வந்ததை வழக்கம்போல முழுங்கினார். மதிலில் அந்தச் சுடர் நாலாவது வேட்டியையும் தாண்டி, துணியில் இடமில்லாமல், மதிலுக்கு மேலே வெறும் இருட்டில் ஏறியது.

வாசலில் நின்று அதை அண்ணாந்து பார்த்த தொபியாஸ் திருப்தியாகத் தலையாட்டினார்.

"கஸ்பாரு, குறிச்சு வச்சுக்கிடும். அடுத்த வருஷம் ஆறு வேட்டி வேணும்."